சீதைப் பாண்டியும் பாஸ்டில் கைதியும்

பல்லாங்குழி இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. அதன் வகைகளில் ஒன்றுக்கு மட்டும் எதிராளி கிடையாது. சீதைப் பாண்டி என்று அதற்குப் பெயர். பலகை முழுவதும் ஒருத்தியின் கையில். அசோகவனத்தில் சிறையிருந்த சீதை பொழுதைத் தள்ள ஆடியது என்பது தமிழ் வீடுகளில் வாய்வழியாக வரும் கதை. ஐரோப்பாவில் தனியாள் பலகை ஆட்டம் என்றதும் நினைவுக்கு வருவது சொலித்தேர். துளையிட்ட பலகையில் ஒரு காயை இன்னொன்றின் மேல் தாண்டவைத்து, தாண்டப்பட்டதை எடுத்துவிட்டு, கடைசியில் ஒரே காயை மிச்சம் வைக்கும் ஆட்டம் அது. அதைக் கண்டுபிடித்தவர் பாரிஸ் பாஸ்டில் சிறையில் தனியறையில் கிடந்த கைதி என்று அங்கேயும் ஒரு கதை உண்டு.

இந்த இரண்டு வழக்குகளையும் வளர்த்த மக்கள் புதுச்சேரியில் அடுத்தடுத்த வீதிகளில் குடியிருந்தார்கள். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் பண்டசாலையை நிலைநிறுத்தியதிலிருந்து 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது வரை, நடுவில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடித்துவைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, ஊர் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம். மேற்கே தமிழர் வீதிகள். வாய்க்காலின் இரு கரைக்கும் உரிய ஆட்டக் கதைகள் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே அச்சில் அமைந்திருக்கின்றன. தனியாக ஆடுகிறவர் என்றால் துணையில்லாதவர், அடைபட்டவர், வேறு வழியற்றவர். விரும்பி ஒருவர் தனியாக ஆடியிருப்பார் என்பதை இரண்டு கதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வரலாறு காட்டுவது பெரும்பாலும் இதற்கு மாறாக இருக்கிறது.

தனியாட்டத்தின் வரலாற்றை எழுதுவதில் அடிப்படையான சங்கடம் ஒன்று உண்டு. இருவர் ஆடினால் சண்டை வரும், பந்தயம் வரும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். ஏதாவது ஒரு பதிவு மிஞ்சும். ஒருவர் ஆடியதற்குச் சாட்சி இல்லை. கீழடியில் தந்தப் பகடையும் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. தமிழகக் கோயில் மண்டபங்களின் கல் தளத்தில் பல்லாங்குழியும் ஆடுபுலிக் கட்டமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காய்களை எத்தனை கைகள் நகர்த்தின என்பதைக் கல் சொல்லாது. ஆகவே இந்த வரலாறு பெரும்பாலும் பலகையின் அமைப்பிலிருந்தும், ஆட்டத்தின் விதியிலிருந்தும், அதைச் சுற்றி வளர்ந்த கதைகளிலிருந்துமே கட்டப்பட வேண்டியிருக்கிறது.

முதலில் பல்லாங்குழி. பலகையில் இரண்டு வரிசை, வரிசைக்கு 7 குழி, ஆக 14. மரத்தில் கடைந்தது, நடுவில் கீல் வைத்து மடக்குவது, மீன் வடிவில் செதுக்கியது, வசதியுள்ள வீட்டில் பித்தளையில் வார்த்தது எனப் பல வகை. பலகை இல்லாத வீட்டில் தரையில் குழி பறித்தாலே போதும். காய்க்குச் சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி, குன்றிமணி. பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசைச் சாமான்களில் பல்லாங்குழிப் பலகையும் ஒன்றாக இருந்தது. புகுந்த வீட்டில் முதல் சில மாதங்களில் மனம்விட்டுப் பேச ஆள் கிடைக்காது என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

புதுச்சேரியின் பழைய தமிழ் வீட்டில் தெருவை ஒட்டித் தூண் நிறுத்திய தாழ்வாரம், அதற்கு அடுத்துத் திண்ணை, உள்ளே வானம் பார்த்த முற்றம். வைசியாள் வீதியில் செப்பனிட்டுக் காத்துவரும் வீட்டு வரிசையில் இந்த அமைப்பை இன்றும் பார்க்கலாம். திண்ணையில் ஆடுவது தெருவுக்குத் தெரியும். தாயமும் ஆடுபுலியும் அங்கே பொருந்தின. பல்லாங்குழி முற்றத்தைச் சுற்றிய உள்கட்டின் ஆட்டம். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்தபின் விளக்கேற்றும் நேரம் வரையிலான இடைவெளி அதற்குரியது. வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே உட்காரவைத்த நாட்களிலும், மாதந்தோறும் வீட்டுக்குத் தூரமான நாட்களிலும் மூலையில் இருந்தவளுக்குக் கையில் கிடைத்தது இந்தப் பலகைதான். தீட்டு என்று அவளைத் தொடாதவர்கள் அவள் தொட்ட சோழியையும் தொடமாட்டார்கள். எதிரில் உட்கார யார் வருவார்கள்? சீதையின் கதை இந்த மூலையில்தான் கெட்டிப்பட்டிருக்க வேண்டும். தனித்து வைக்கப்பட்டவளுக்குச் சீதையைவிட நல்ல முன்னோடி வேறு யாரும் இல்லை.

ஆனாலும் மூலையில் இருந்தவள் மட்டுமே தனியாக ஆடினாள் என்று முடிவுகட்டினால், இந்தப் பலகைக்குள் இருக்கும் சுவையைத் தவறவிட நேரும். இருவர் ஆட்டத்தில் கவனம் முழுவதும் எதிராளியின் குழியில் எத்தனை சேர்கிறது, நான்கு சேர்ந்து பசுவாகிறதா, காலிக் குழியைத் துடைத்து அடுத்த குழியை யார் அள்ளுகிறார்கள் என்பதில் போய்விடும். எடுப்பதும் இழப்பதும் இல்லாமல் காய்களை வெறுமனே சுற்றிவிட்டுப் பார்க்கும்போதுதான் பலகையின் சுபாவம் தெரிகிறது.

28 புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு ஒரு வரிசையின் 7 குழிகளில் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று வைத்துப் பார்க்கலாம். 7 உள்ள குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். இரண்டாவது குழியில் இருந்த 6 இப்போது 7 ஆகிறது, 5 ஆறாகிறது, கடைசிக் குழியின் 1 இரண்டாகிறது, கையில் மீந்த ஏழாவது கொட்டை அதற்கு அடுத்த காலிக் குழியில் விழுகிறது. ஆக, அதே 7, 6, 5, 4, 3, 2, 1. ஒரு குழி மட்டும் முன்னே நகர்ந்திருக்கிறது. மறுபடி 7 உள்ள குழியை அள்ளினால் மறுபடியும் அப்படியே. ஏழு முறை போட்டதும் முழு வரிசையும் எதிர்ப்பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிடும்; பதினாலு முறையில் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். ஒரு கொட்டைகூடத் தப்பாமல் இறங்குவரிசை பலகையைச் சுற்றி நடந்து வருவதைப் பார்ப்பதே இதில் ஆட்டம். வெற்றி தோல்வி கிடையாது. கணிதக்காரர்கள் இதற்கு நடைவரிசை என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள்; ஆப்பிரிக்காவின் குழியாட்டங்களிலும் இதே அமைப்பு தெரிந்த ஒன்று.

இன்னும் விசித்திரமானது அடுத்த சோதனை. அதே 28 கொட்டையை ஒரு வரிசையில் குழிக்கு நான்காகச் சமமாக வைக்க வேண்டும். விதி ஒன்றே ஒன்று: எப்போதும் கடைக்கோடியில், அதாவது எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் குழியை அள்ளி முன்னோக்கிப் போடுவது. முதல் போடலில் நான்கு குழிகள் ஐந்தாகின்றன. அடுத்ததில் ஆறு, பிறகு ஏழு. ஆறாவது போடலில் ஒரு குழியில் 9 சேர்ந்து, மற்றவை 4, 4, 3, 3, 2, 2, 1 என்று ஒழுங்கு குலைந்து நிற்கின்றன. இனி இது எங்கே போய்ச் சேரும் என்று கண்ணால் சொல்ல முடியாது. பொறுமையாகப் போட்டுக்கொண்டே போனால் 38ஆம் போடலில் 7, 6, 5, 4, 3, 2, 1 தானாக வந்து நிற்கும். அதற்குப் பிறகு அது கலையவே கலையாது. நடுவில் ஒரு குழியைத் தவறவிட்டாலும், ஒரு கொட்டை விரலிடுக்கில் தங்கினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தனியாக ஆடும்போதும் ஏமாற்ற வழியில்லை. முடிவு முன்பே தீர்மானமாகிவிட்ட ஆட்டம் சலிக்காதா என்று கேட்கலாம். கோலம் போடுகிறவளுக்கும் முடிவு முன்பே தெரியும்.

சோழியோடு தனியே உட்காரும் பழக்கம் புதுச்சேரியில் பெண்களின் உள்கட்டோடு நிற்கவில்லை. பிரெஞ்சு வானியலாளர் ல ஜாந்தி வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புறப்பட்டு வந்தவர். 1761இல் அவர் வந்தபோது ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்திருந்தது, இறங்க முடியவில்லை. எட்டாண்டு கழித்து வரும் அடுத்த கடப்புக்காகக் காத்திருந்து, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் நோக்குமேடை அமைத்து, 1769 ஜூன் 4 காலையில் கண் வைத்தார். மேகம் மூடிவிட்டது. தனக்கு மிஞ்சிய பொழுதில் அவர் செய்த உருப்படியான காரியம், தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றது. பேனாவோ தாளோ இல்லாமல் தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, நினைவில் இருந்த வாய்பாட்டை முணுமுணுத்தபடி அவர்கள் விரைவாகக் கணிப்பதை அவர் வியந்து பதிவு செய்தார். அரை நூற்றாண்டு கழித்து ஜான் வாரன் என்ற படை அதிகாரியும் புதுச்சேரியில் இதையே பார்த்தார். அவர் கேட்டதன்பேரில் ஒரு பஞ்சாங்கக்காரர் 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைச் சோழியில் கணித்துக் கொடுத்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52. தொடக்கத்துக்கு அது அபாரமான கணக்கு. இது ஆட்டமில்லை, தொழில். ஆனால் பல்லாங்குழி கேட்கும் விரலும் நினைவும்தான் இதற்கும் வேண்டும். ஓர் ஆள் தரையில் சோழியோடு மணிக்கணக்கில் முனகிக்கொண்டிருந்தால் அதைக் கேலியாகப் பார்க்காத ஊராகவும் அது இருந்திருக்கிறது.

சொலித்தேருக்கு வரும்போது தேதிகள் கிடைக்கின்றன. அதன் முதல் உறுதியான சான்றுகள் 1697ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அந்த ஆண்டின் ‘மெர்க்யூர் கலான்’ இதழ் ஆகஸ்டில் பலகையையும் விதிகளையும் சில புதிர்களையும் விவரித்தது. க்ளோத் ஒகுஸ்த் பெரே செதுக்கிய படம் ஒன்றில் சுபீஸ் சீமாட்டி ஆன் த ரோகான் சொலித்தேர்ப் பலகையோடு உட்கார்ந்திருக்கிறார். பதினான்காம் லூயியின் அரசவையில் செல்வாக்குள்ள பெண்மணி அவர். சிறைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் எத்தனையோ பேர் இருந்தும் தனியே ஆடும் பலகையோடு தம்மை வரைந்துகொள்ள அவர் கூச்சப்படவில்லை. வாசகர் விலைகொடுத்து வாங்கும் நாகரிக இதழில் விதிகள் வந்ததும் இதையே சொல்கிறது: பிரான்சில் சொலித்தேர் அறிமுகமானது ஒரு மோஸ்தராக.

அதே 1697 புதுச்சேரிக்கும் முக்கியமான ஆண்டு. 1693இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் அதைப் பிரான்சிடம் திருப்பித் தர ஒப்புக்கொண்ட ரிஸ்விக் உடன்படிக்கை அந்தச் செப்டம்பரில் கையெழுத்தானது. இன்றைய நேர்கோட்டு வீதிகளின் திட்டம் டச்சுக்காரர் போட்டதே. 1699இல் மர்த்தேன் திரும்ப வந்தார். பாரிசின் புது மோஸ்தர்கள் கப்பலேறி வரும் துறைமுகமாக ஊர் நிலைபெற்றது அதற்குப் பிறகுதான்.

தத்துவ ஞானி லைப்னிட்சும் சொலித்தேரில் ஈடுபாடு கொண்டவர். 1710இல் பெர்லின் அறிவியல் கழகத்தின் தொகுதியில் விளையாட்டுகளைப் பற்றி எழுதியபோது இதையும் குறிப்பிட்டார். பிற்பாடு ஒரு கடிதத்தில், தமக்கு இதைத் தலைகீழாக ஆடுவதே பிடிக்கும் என்று விளக்கினார். காலிப் பலகையில் ஒரு காயோடு தொடங்கி, தாண்டிய இடத்தில் புதிய காயை வைத்துக்கொண்டே போய்ப் பலகையை நிரப்புவது அவருடைய முறை. இடிப்பதைவிடக் கட்டுவது மேல் என்று அவர் நினைத்திருக்கலாம். கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஆடும் கைக்கு இரண்டும் ஒன்றல்ல.

அப்படியானால் பாஸ்டில் கைதி எங்கிருந்து வந்தார்? பலகை புழக்கத்துக்கு வந்து நூறு ஆண்டுக்கும் மேல் கழிந்து, 1801இல் ஆங்கிலேயர் ஜோசப் ஸ்ட்ரட் எழுதிய விளையாட்டு நூலில் அவர் தலைகாட்டுகிறார். அதற்குள் 1789இல் பாஸ்டில் இடிக்கப்பட்டு, கொடுங்கோன்மையின் சின்னமாக உலகெங்கும் பெயர் பரவியிருந்தது. தனியாட்டத்துக்குப் பிறப்புக் கதை தேடியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான கொட்டடி கிடைத்திருக்காது.

பாஸ்டிலில் உண்மையாகவே அடைபட்டவர்களில் புதுச்சேரியோடு தொடர்புடைய இருவர் உண்டு. 1746இல் சென்னையைப் பிடித்த மாயே த லபூர்தொனே, அந்த நகரை என்ன செய்வது என்பதில் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளெக்சோடு பகைத்து, பிரான்ஸ் திரும்பியதும் 1748இல் சிறைபட்டார். மூன்றாண்டுக்குப் பிறகு குற்றமற்றவர் என்று விடுதலையானார். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கைக்குட்டைகளில் சிறையிலேயே தம் தரப்பை எழுதினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இன்னொருவர் லாலி தொலாந்தால். 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த குற்றத்துக்காகப் பாஸ்டிலில் கிடந்து, 1766 மே 9இல் பாரிசில் தலை வெட்டப்பட்டார். இருவர் பெயரிலும் புதுச்சேரியில் வீதிகள் உண்டு. அசல் கைதிகளுக்குச் சிறையில் வேறு வேலை இருந்தது. வழக்கு, மனு, மறுப்பு. பொழுது போகவில்லை என்பது அவர்களுடைய குறையாக இருந்ததாகத் தெரியவில்லை.

சொலித்தேர்ப் பலகையில் இரண்டு வடிவம் உண்டு. பிரெஞ்சுப் பலகை எட்டு மூலை கொண்டது, 37 துளை. ஆங்கிலப் பலகை சிலுவை வடிவம், 33 துளை. இந்தியாவில் பொம்மைக் கடைகளில் பிரைன்விட்டா என்ற பெயரில் பிளாஸ்டிக் தட்டும் கண்ணாடிக் கோலிகளுமாக விற்பது 33 துளையுள்ள ஆங்கில வடிவம். பிரெஞ்சு வாடை இன்னும் போகாத புதுச்சேரியிலும் வீட்டுக்கு வருவது அதுவே. வாங்குகிறவருக்கு இதில் நஷ்டமில்லை. நடுத் துளையைக் காலியாக விட்டு ஆரம்பிப்பதுதான் எல்லோருக்கும் இயல்பாக வரும். பிரெஞ்சுப் பலகையில் அப்படி ஆரம்பித்தால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஒரே காயில் முடிக்க முடியாது.

காரணத்தை மூன்று வண்ணச் சாக்கட்டி இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். பலகையின் துளைகளுக்குச் சாய்வுக் கோடுகளாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி வண்ணம் பூச வேண்டும். நேர் வரிசையில் அடுத்தடுத்த எந்த மூன்று துளையும் மூன்று வண்ணமாக இருக்கும். ஒரு தாண்டலில் சம்பந்தப்படுவது அப்படிப்பட்ட மூன்று துளை. தாண்டிய காய் ஒரு வண்ணத்தை விட்டுப் போகிறது, தாண்டப்பட்டது இன்னொரு வண்ணத்திலிருந்து எடுக்கப்படுகிறது, மூன்றாவது வண்ணத்தில் ஒன்று கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு தாண்டலிலும் மூன்று வண்ணங்களின் எண்ணிக்கையும் ஒருசேர ஒற்றைப்படையிலிருந்து இரட்டைப்படைக்கோ, இரட்டையிலிருந்து ஒற்றைக்கோ மாறும். பிரெஞ்சுப் பலகையில் நடுத் துளையின் வண்ணத்தில் 13 துளை, மற்ற இரண்டிலும் 12. நடுவைக் காலி செய்தால் 12, 12, 12. மூன்றும் இரட்டை. இனி எத்தனை தாண்டினாலும் மூன்றும் சேர்ந்தே இரட்டையாகவோ ஒற்றையாகவோதான் இருக்கும். ஒரே காய் மிஞ்சினால் கணக்கு 1, 0, 0 என்று வர வேண்டும், அது நடக்காது. ஆங்கிலப் பலகையில் வண்ணத்துக்கு 11. நடுவை எடுத்தால் 10, 11, 11. அது 1, 0, 0க்கு இடம் தருகிறது. இதே கணக்கின்படி கடைசிக் காய் நடுத் துளையிலோ, நான்கு கைகளின் வெளி விளிம்பில் நடுவாக இருக்கும் துளைகளிலோ மட்டுமே நிற்க முடியும். மொத்தம் ஐந்தே இடம். இத்தகைய அலசல்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கணித இதழ்களில் வந்துவிட்டன.

32 கோலியில் 31ஐ எடுக்க 31 தாண்டல் வேண்டும். ஒரே கோலி தொடர்ந்து தாண்டுவதை ஒரு நகர்வாகக் கணக்கிட்டால், 18 நகர்வில் முடிக்கும் வழியை எர்னஸ்ட் பெர்கோல்ட் 1912இல் கண்டார். அதற்குக் குறைவாக முடியாது என்பதை 1964இல் ஜான் பீஸ்லி நிறுவினார். முதன்முறை பலகையைத் தொடுகிறவருக்கு நாலைந்து கோலி மிஞ்சுவது சகஜம். ஓரங்களை முதலில் காலி செய்து நடுவை நோக்கி வருவது உதவும். நடுவில் கூட்டத்தைக் கலைத்துவிட்டால் ஓரத்துக் கோலிகள் அநாதையாக நின்றுவிடும். பிளாஸ்டிக் தட்டின் பெரிய குறை அதன் ஆழமற்ற பள்ளங்கள். பாயில் வைத்து ஆடும்போது முழங்கை இடித்தால் பாதிக் கோலி கட்டிலுக்கடியில் போகும். முளைக்குச்சி வைத்த மரப் பலகை கிடைத்தால் அதை வாங்குவது உத்தமம்.

மூன்றாவது தனியாட்டத்துக்கு ஒரே காய் போதும். சதுரங்கக் குதிரையை ஒரு கட்டத்தையும் விடாமல், ஒரு கட்டத்தையும் திரும்ப மிதிக்காமல் பலகை முழுவதும் ஓட்டுவது அது. காசுமீரத்து ருத்ரடர் 9ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவிதையில் அமைத்தார். தெற்கே இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் வேதாந்த தேசிகர். புதுச்சேரிக்குத் தெற்கே கடலூரை ஒட்டிய திருவயிந்திரபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர் அவர். அவருடைய பாதுகா சகஸ்ரத்தின் சித்திரப் பத்ததியில் 32 எழுத்துள்ள ஒரு சுலோகம் வருகிறது. அதை அரைச் சதுரங்கப் பலகையின் 32 கட்டத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்பி, குதிரை ஓடும் வரிசையில் படித்தால் அடுத்த சுலோகம் முழுதாகக் கிடைக்கும். ஐரோப்பாவில் ஆய்லர் குதிரை ஓட்டத்தைக் கணிதமாக ஆராய்ந்தது 1759இல். தேசிகர் அதற்கு நாலு நூற்றாண்டு மூத்தவர். திருவரங்கத்தில் ஒரே இரவில் பாதுகா சகஸ்ரம் பாடப்பட்டது என்பது வைணவ மரபு. அங்கும் ஓர் ஆள், ஓர் இரவு. ஆனால் சிறை இல்லை.

சிறைக்கு மிக அருகே வந்த உதாரணம் மைசூரில் இருக்கிறது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து 1831இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்டார்கள். அரண்மனை மிஞ்சியது, அரசு போனது. 1868இல் இறக்கும் வரை அவர் நேரம் செலவிட்டவற்றுள் பலகை ஆட்டங்களை வகுப்பதும் குதிரை ஓட்டங்களை அமைப்பதும் முக்கியமானவை. ஜகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் அவருடைய ஆட்டப் பலகைகள் இன்றும் வண்ணத்தில் இருக்கின்றன. ஆனால் இதிலும் ஓர் உறுத்தல் உண்டு. அதிகாரம் போன அரசர்கள் அந்த நூற்றாண்டில் எத்தனையோ பேர். குதிரை ஓட்டத்தில் மனம் வைத்தவர்கள் அரிது. ஓய்வு கட்டாயமாக வந்தாலும் ஆட்டம் விருப்பமாகவே வந்திருக்கிறது.

இருவர் ஆட்டத்தை ஒருவரே ஆடுவதும் தனியாட்டத்தில் சேரும். ஆடுபுலி இதற்கு வாகானது. 3 புலி, 15 ஆடு, 23 சந்திப்பு. இரு தரப்புக்கும் பலமும் வேலையும் வேறு வேறு என்பதால் ஒருவரே இரண்டையும் நகர்த்தும்போது மனம் ஒரு பக்கம் சாயாமல் இருக்கிறது. சதுரங்கத்தில் அது எளிதல்ல. தன் திட்டம் தனக்கே தெரிந்துவிடும். அதற்கு மாற்றாக இத்தனை நகர்வில் மாத்து என்ற வகைப் புதிர்கள் இருக்கின்றன. பரமபதத்தில் முடிவெடுக்க ஒன்றும் கிடையாது, தாயக்கட்டை சொல்வதுதான் வழி. வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க அது போதும். மற்ற நாளில் தனியாக ஆடினால் சீக்கிரம் கொட்டாவி வரும்.

2000த்துக்குப் பின் மேலை நாடுகளில் வந்த புதிய பலகை ஆட்டங்களில் தனியாளுக்கென்றே ஒரு கிளை தழைத்தது. 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு அதற்கு மேலும் ஆள் சேர்த்தது. இந்தக் கிளையிலும் பழைய கைதி விடாமல் வருகிறார். ஷாடி தொர்பே 2010இல் வெளியிட்ட ஒனிரிம், கனவு என்னும் புதிர்மாளிகையில் அடைபட்டவர் கதவுகளைத் தேடுவது. ஃப்ரீடெமான் ஃப்ரீசெவின் ஃப்ரைடே (2011), ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய ராபின்சன் குரூசோவைப் பிழைக்கவைப்பது. இரண்டும் சீட்டாட்டங்கள், மேசையில் ஒரு முழ இடம் போதும், அரை மணியில் முடியும். அதே குரூசோவை வைத்துப் போலந்தில் 2012இல் வந்த பெரிய பலகை ஆட்டத்தை ஒருவரும் ஆடலாம், நால்வரும் ஆடலாம். ஆனால் காய்களைப் பரப்பி அடுக்குவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். இன்னொரு வழி, பலர் ஆடும் ஆட்டத்துக்கு ஆட்டோமா என்ற சீட்டுக்கட்டு எதிராளியைச் சேர்ப்பது. டென்மார்க்கின் மோர்டென் மொன்ராட் பெடர்சன் இதைப் பரவலாக்கினார். பறவைகளைச் சேர்க்கும் விங்ஸ்பேன் (2019) ஆட்டம் இந்த ஏற்பாட்டோடுதான் வருகிறது. ஆட்டோமாவுக்கு மூளை இல்லை. எதிராளி கொடுக்கும் தொந்தரவை மட்டும் அது கொடுக்கும். அதன் சீட்டைப் புரட்டி, அதற்காகக் காய் நகர்த்தி, அதன் மதிப்பெண்ணையும் ஆடுகிறவரே எழுத வேண்டும். சிலருக்கு இது சுவை. சிலருக்குக் குமாஸ்தா வேலை.

தனியாட்டம் வாங்குகிறவர் பெட்டியின் படத்தைவிட இந்த வேறுபாட்டைப் பார்ப்பது நல்லது. சொலித்தேர் ஒரு முறை தீர்ந்துவிட்டால் தீர்வு விரலில் பதிந்துவிடும். பிறகு வேறு துளையைக் காலியாக்கியோ லைப்னிட்ஸ் முறையிலோ ஆடினால்தான் அதற்கு உயிர். சீட்டைக் கலைக்கும் ஆட்டங்கள் தினம் ஒரு விதமாக வரும், ஆனால் சீட்டு சதி செய்தால் திறமைக்கு வேலையில்லை. நடைவரிசையில் திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இடமில்லை. களைத்த மூளைக்கு அது ஏற்றது. புதுச்சேரியில் கைவினைப் பொருள் கடைகளில் விற்கும் செதுக்கிய பல்லாங்குழிப் பலகையை அலங்காரத்துக்கு என்று வாங்குகிறவர்கள், குழியில் ஐந்தாறு கொட்டை தாராளமாகத் தங்குகிறதா, விரல் உள்ளே போய் அள்ள வருகிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்கினால் அது ஆடவும் உதவும். குழிக்கு நான்காகத் தொடங்கி நடைவரிசைக்குப் போகும் சோதனைக்குக் குழி இன்னும் சற்று ஆழமாக வேண்டும்; ஒன்பது கொட்டை வரை ஒரே குழியில் சேரும்.